அப்பாவின் கறுப்புக் கோட்டு

போலந்தில் வேலை பார்க்கும் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் போட்டு, "மா, நான் தாத்தாவைப் பாத்தேன்" என்று சொன்னால் எந்தத் தாய்க்குத்தான் கையில் வேலை ஓடும்? பரிமளாவுக்கு ஓடவில்லை. மோருக்குக் கறிவேப்பிலை கிள்ளிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தாத்தா என்றால் அவளுடைய அப்பா மாணிக்கவேல். அவர் செத்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அவள் நடை பழகும் வயதிலேயே மஞ்சள்காமாலை அவரைக் கொண்டுபோய்விட்டது.

"இன்னாடா உளர்ற? ஜுரம் கிரம் அடிக்குதா? ஒழுங்கா சாப்புட்டியா?"

"ஐயோ, நான் நல்லாத்தான் இருக்கேன்மா. இங்க மியூசியத்துல நின்னுகினு பேசறேன். நம்ம வூட்டுல தாத்தா படம் இருக்குதுல்ல, அதே படம் இங்க மாட்டியிருக்காங்க. அனுப்பறேன், நீயே பாரு."

ரஞ்சித்குமாருக்கு வார்சா நகரத்துக்கு வெளியே ஒரு குடோனில் வேலை. மியூசியம் பார்க்கிற ஆள் இல்லை அவன். அன்றைக்கு நல்ல மழையாம், டிக்கெட் வாங்காமல் விடுகிற நாளுமாம். நனையாமல் நிற்க ஒரு கூரை கிடைத்ததே என்று கூட்டாளிகளோடு நுழைந்திருக்கிறான். இரண்டாவது அறையிலேயே தாத்தா எதிரே வந்துவிட்டார்.

போட்டோ வந்தது. பரிமளா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். தங்கநிறச் சட்டத்துக்குள் பெரிய எண்ணெய் வண்ணப் படம். தோளிலிருந்து தொங்கும் அதே கறுப்புக் கோட்டு. கழுத்தில் பொத்தான் போடாத அதே வெள்ளைச் சட்டை. பின்னால் மேகம் மூடிய அதே மலை. மார்பின் மேல் கோட்டின் ஓரத்தைப் பிடித்திருக்கும் அதே வலது கை. முகம் மட்டும் வேறு. சுருட்டை முடியும் கூர் மூக்குமாக யாரோ ஒரு வெள்ளைக்காரன், கடன்காரனைக் கண்டதுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருடா இவரு?"

"ஒரு கவிஞராம்மா. செத்து நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆவுதாம். ஜனங்க பசங்களைக் கூட்டிகினு வரிசையா வந்து பாத்துட்டுப் போறாங்க. பேரு சொல்றாங்க, என் வாயில நொழையல."

பரிமளா போனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடி, சுவரில் இருந்த அப்பா படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தலையை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே ஆள்தான். சத்தம் கேட்டு அவள் கணவர் ரங்கசாமி வந்தார். ஆரணி - வேலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயும் கண்டக்டர் வாய்தான், எதையும் சட்டென்று கிழித்துக் கையில் கொடுத்துவிடும்.

"அடப் பாவமே!" என்றார் போனைப் பார்த்து. "அப்ப இத்தினி வருஷமா யாருக்குடி படையல் போட்டோம்? ஒவ்வொரு அமாவாசைக்கும் வடையும் பாயசமும் வெச்சு, 'வாங்க மாமா, வாங்க மாமா'ன்னு கும்புட்டேனே, அது இந்தத் தொரைக்கா?"

வேறு நாளாக இருந்தால் பரிமளாவும் சிரித்திருப்பாள். இப்போது சிரிப்பு வரவில்லை. அவள் கண் அந்தக் கையை விட்டு நகரவே இல்லை.

கையின் சங்கதியைச் சொன்னால்தான் அவள் ஏன் அப்படி நின்றாள் என்று புரியும்.

அப்பா பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தவர். அது பரிமளாவுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். தெரிந்தும் படத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கும் அப்பாவைப் பார்க்கும்போது, பட்டறைக்கும் இந்தத் தோரணைக்கும் எங்கேயோ உதைக்கும். மூன்றாம் வகுப்புப் படிக்கையில் கூடப் படித்த சூர்யகலாவின் வீட்டுக்கு விளையாடப் போனாள். அங்கே சூர்யகலாவின் தாத்தா அதே கோட்டில், அதே மலைக்கு முன்னால் நின்றார்.

"உங்க தாத்தா எங்கப்பா கோட்டைப் போட்டுகினு நிக்கிறாரு" என்றாள் பரிமளா.

"போடி, உங்கப்பாதான் எங்க தாத்தா கோட்டைத் திருடினவரு" என்றாள் சூர்யகலா. அப்புறம் என்ன, குடுமிப்பிடிச் சண்டைதான். பரிமளா ரிப்பன் அவிழ்ந்து அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். அதன் பிறகு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால், ஆரணியில் கோட்டு போட்டவர்கள் ஒருவரா இருவரா! அரிசி மண்டிக்காரர் வீட்டில் ஒருவர், முள்ளிப்பட்டில் பெரியம்மா வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒருவர், தபால்காரர் வீட்டில்கூட ஒருவர். எல்லாரும் செத்தவர்கள், எல்லாருக்கும் அதே கறுப்புக் கோட்டு.

அம்மா காசியம்மாளிடம் கேட்டாள். அம்மா தறிக்குப் பட்டு இழை சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே சொன்னாள்: "மேல ரொம்பக் குளுரும் கண்ணு. அதனால நல்லவங்க யாரு போனாலும் வாசல்லயே ஒரு கோட்டு மாட்டி விட்டுத்தான் உள்ள வுடுவாங்க."

அந்தப் பதில் பரிமளாவுக்கு எவ்வளவு பிடித்தது தெரியுமா! மறுநாளே சூர்யகலாவிடம் சொல்லிச் சமாதானமாகிவிட்டாள். அதற்கப்புறம் ஊரில் யார் செத்தாலும் இரண்டு பேரும், இவருக்குக் கோட்டு கிடைக்குமா கிடைக்காதா என்று ரகசியமாகப் பேசிக்கொள்வார்கள். கணக்கு வாத்தியாருக்குக் கிடைக்காது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

பின்னால் தெரியும் மலை தேவிகாபுரத்து மலை என்று அவளே முடிவு செய்துவைத்திருந்தாள். தேவிகாபுரம் கோயிலுக்கு அம்மா கூட்டிப்போனபோது, அப்பா எந்த இடத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார் என்று பஸ் ஜன்னலில் தலையை நீட்டித் தேடினாள். ஒரு புளிய மரத்தடியைத் தேர்ந்தெடுத்தும் விட்டாள். இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் அந்த மரம் இருந்த இடம் வந்ததும் அவள் தலை தானாகத் திரும்பும்.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிது அந்தக் கை. அம்மா படத்தை உயரத்தில் மாட்டவில்லை, கைக்கு எட்டுகிற மாதிரித்தான் மாட்டியிருந்தாள். படத்தில் இருந்த கை ஏறக்குறைய நிஜக் கை அளவு. பரீட்சைக்குப் போகும்போதெல்லாம் பரிமளா தன் உள்ளங்கையை அதன் மேல் வைத்துவிட்டுத்தான் போவாள். கல்யாணத்தன்று காலையில், நலங்கு வைத்த கையை அதன் மேல் வைத்துக்கொண்டு அழுதாள். ரஞ்சித் பிறந்தபோது அவன் பிஞ்சு விரலைக் கொண்டுபோய் அங்கே ஒட்டினாள். அம்மா செத்த அன்று, அவளைத் தூக்குவதற்கு முன்னால் யாரும் பார்க்காதபோது ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டதும் அதே கையைத்தான். அப்பன் இல்லாத பெண்ணுக்கு அப்பனிடமிருந்து கிடைத்தது அவ்வளவுதான். முகத்தைக்கூட அவள் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

அது எண்ணெய் வண்ணத்தில் எழுதிய, கண்ணாடி போடாத படம். அம்மா தினமும் காலையில் அப்பாவின் நெற்றியில் குங்குமம் வைப்பாள். அது உதிர்ந்து கோட்டின் மேலெல்லாம் விழும். கோட்டில் விழுந்ததைத் துடைத்தால் போய்விடும். விரல் நகங்களில் விழுந்தது மட்டும் போகாமல் கறுஞ்சிவப்பாகப் படிந்துபோய்விட்டது என்று பரிமளா நினைத்தாள். எட்டு வயதில், ஒரு பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்கையில், அப்பா கை பளிச்சென்று இருக்கட்டுமே என்று துணியில் சீமெண்ணெயை நனைத்துக் கட்டைவிரல் நகத்தை அழுத்தித் தேய்த்தாள். கொஞ்சம் போகத்தான் செய்தது. அதற்குள் அம்மா பார்த்துவிட்டாள். ஓடிவந்து கன்னத்தில் விட்டாளே ஓர் அறை! அம்மா அவளை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். "இன்னொரு வாட்டி அந்தக் கையில துணி வெச்ச, தொலைச்சுப்புடுவேன்" என்றாள். சுத்தம் செய்யப்போய் ஏன் அடி வாங்கினோம் என்று பரிமளாவுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இப்போது போலந்திலிருந்து வந்த போட்டோவில் அதே விரல்கள், அதே மடிப்பு, கோட்டின் ஓரத்தைப் பிடித்திருக்கும் அதே பிடி.

"கை கூட அவருதுதாங்க" என்றாள் ரங்கசாமியிடம். "நான் யாரு கையையோ புடிச்சுகினு இருந்திருக்கேன்."

ரங்கசாமி அப்போதுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வடை, பாயசக் கேலியெல்லாம் அடங்கிப்போயிற்று. "வுடு பரிமளா, படத்துல இன்னா இருக்குது. மனசுதான்" என்று ஏதோ சொன்னார். அது அவள் காதில் ஏறவில்லை. நாளை மறுநாள் மகாளய அமாவாசை. ஆண் வாரிசு இல்லாத அப்பாவுக்கு அம்மா விடாமல் போட்டுவந்த படையலை, அம்மாவுக்குப் பிறகு அவள்தான் போட்டு வருகிறாள். முன்பின் தெரியாத ஒரு ஆளின் உடம்புக்கு முன்னால் இலையை விரித்து, 'அப்பா வாங்க' என்று எப்படிக் கூப்பிடுவது? அதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பரிமளா மார்க்கெட் ரோட்டுக்குப் போனாள். படத்தின் பின்பக்கம் 'தேவநேசன் ஸ்டூடியோ' என்று முத்திரை உண்டு. ஸ்டூடியோ இப்போதும் இருக்கிறது, பெயர்தான் 'ஹெப்சிபா டிஜிட்டல்ஸ்' என்று மாறிவிட்டது. தேவநேசனின் மகள் ஹெப்சிபா கம்ப்யூட்டரில் ஒரு காதுகுத்து பேனருக்குக் குழந்தையைச் சிங்கத்தின் மேல் உட்கார வைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அப்பா உள்ளதான் இருக்காரு, வாங்கக்கா. காது மட்டும் கேக்காது. மிஷின் வாங்கிக் குடுத்தா பைபிள் மேல வெச்சுட்டு அது பாட்டுக்குக் கத்துதுன்னு சொல்றாரு. ஒரே பேஜார்."

தேவநேசன் எண்பதைத் தாண்டியவர். ஜன்னலோரம் பனியனோடு உட்கார்ந்து ரஸ்க்கைக் காபியில் தோய்த்துக்கொண்டிருந்தார். பரிமளா நீட்டிய போனை வாங்கி, தூர வைத்து, கிட்ட வைத்துப் பார்த்தார். பார்த்ததும் ரஸ்க் காபிக்குள் விழுந்துவிட்டது.

"அட, நம்ம கோட்டு!"

"உங்க கோட்டு இல்லப்பா!" ஹெப்சிபா அவர் காதில் கத்தினாள். "போலந்து நாட்டுல ஒரு கவிஞராம். அவரு படமாம்!"

"கவிஞரா?" கிழவர் தோள் குலுங்கச் சிரித்தார். "ஊரான் வூட்டு நெய்யே, எம் பொண்டாட்டி கையேன்னு, இந்த ஊர்ல பாதிப் பேருக்கு அவரு கோட்டைத் தூக்கி மாட்டிட்டனே! வேலூர்ல பழைய பேப்பர் கடையில ஒரு கிழிஞ்ச புஸ்தகம் வாங்கினேம்மா. இன்னா பாஷைன்னே தெரியாது. அதுக்குள்ள இந்தப் படம். தலைய மூடிட்டுப் பாத்தா எவனுக்கும் பொருந்துச்சு. அந்தக் காலத்துல செத்தவங்களுக்கு ஏது போட்டோ? கூட்டத்துல நின்னது, துண்டோட நின்னது, அந்த மாதிரி ஒண்ணைக் கொண்டாந்து குடுப்பாங்க. வூட்டு ஆளுங்களுக்குக் கவுரவமா வெச்சுப் பாக்கணும்னு ஆசை இருக்காதா? முகத்தை அதுல பாத்து எழுதுவேன், உடம்புக்கு இந்தக் கோட்டு. தப்பா?"

"தப்பே இல்லீங்க ஐயா" என்றாள் பரிமளா. "நான் சாயப் பட்டறை மாணிக்கவேல் பொண்ணு. எங்கம்மா காசியம்மாள். எங்கப்பா படமும் நீங்க போட்டதுதான். அதுல கை... கையும் அந்தக் கவிஞருதுதானா?"

ஹெப்சிபா அதைத் திருப்பிக் கத்திச் சொன்னாள். காசியம்மாள் என்ற பெயர் காதில் விழுந்ததும் கிழவரின் சிரிப்பு நின்றது. காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"காசியம்மா பொண்ணா நீ? இடுப்புல தூக்கிகினு வந்துச்சே, அந்தக் கொழந்தையா? உங்கம்மா என்கிட்ட போட்ட சண்டையை இந்த ஜென்மத்துல மறக்க மாட்டேம்மா."

"சண்டையா?"

"கல்யாணக் கூட்டத்துல எடுத்த படம்தான் இருந்துச்சு. உங்கப்பா அதுல தலைய ஆட்டிட்டாரு போல, முகமே கலங்கலா இருந்துச்சு. நானும் குத்துமதிப்பாத்தான் எழுதினேன். படத்தை வாங்க வர்றவங்க எல்லாரும் முகத்தைத்தான் பாப்பாங்க. மூக்கு பெருசு, மீசை சிறுசும்பாங்க. உங்கம்மா முகத்தைப் பாக்கவே இல்ல. கையைப் பாத்துச்சு. பாத்துட்டு, 'இது யாரு கைய்யா?'ன்னு கேட்டுச்சு."

பரிமளா இன்னும் கிட்டப் போய் நின்றாள்.

"'முகம் எப்படியோ இருந்துட்டுப் போவுது. அது எம் மனசுல இருக்குது. இது ஒரு நாளும் வேலை செய்யாத கை. அவரு கை இப்படியா இருக்கும்? கொதிக்கிற சாயத்துல நூலை முக்கி முக்கி நகமெல்லாம் அரக்குச் செவப்பு. தாலி கட்டறப்ப என் மஞ்சக் கயித்துலயே அந்தச் செவப்பு ஒட்டிக்கிச்சு. வெக்கப்பட்டுகினு கையை வேட்டிக்குள்ள ஒளிச்சாரு. அந்தக் கையை வுட்டுட்டு வேற ஆளு கையப் போட்டா நான் எப்படி இந்தப் படத்துக்குப் பொட்டு வெப்பேன்?'னு ஒரே அழுகை. சரிம்மா, பெயிண்ட்டுல நகத்துக்குச் செவப்பு அடிச்சுத் தர்றேன்னேன். கேக்கல. மறுநாள் பட்டறைக்கே போயி, உங்கப்பா வேலை செஞ்ச தொட்டியில இருந்து ஒரு கொட்டாங்கச்சி சாயத்தை மொண்டுகினு வந்துருச்சு. இதைத்தான் வெக்கணும்னு உக்காந்துகினுச்சு. எண்ணெ வண்ணத்து மேல அது புடிக்காதும்மான்னு தலையால அடிச்சுகிட்டேன். கடைசியில வார்னிஷ்ல கொழைச்சு, ஒவ்வொரு நகமா வெச்சேன். ஒவ்வொண்ணா பக்கத்துல நின்னு பாத்துச்சு. அப்புறந்தான் வாங்கிகினு போச்சு."

"குங்குமம்னு நெனச்சேன்" என்றாள் பரிமளா. புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஹெப்சிபா சிங்கத்தையும் காதுகுத்தையும் மறந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அது போவாது" என்றார் தேவநேசன், எதுவும் காதில் விழாதவராய், தன் பாட்டுக்கு. "ஆரணிச் சாயம்மா. நல்லா வெச்சேன்."

வீட்டுக்கு வந்ததும் ரங்கசாமியைக் கூப்பிட்டாள். போனில் அந்தக் கவிஞரின் கையை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். நகங்கள் முல்லை அரும்புபோல வெளுத்துச் சுத்தமாக இருந்தன. பிறகு சுவரைக் காட்டினாள். ரங்கசாமி குனிந்து, கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். அவள் தேவநேசன் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். பஸ் நிறையப் பேரை அதட்டி ஏற்றி இறக்கிய அந்த மனிதர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "மாமா, மன்னிச்சுக்குங்க" என்றார் படத்தைப் பார்த்து.

அமாவாசையன்று படையல் குறைவில்லாமல் நடந்தது. காகமும் ஜல்தியாக வந்து சோற்றை எடுத்தது. ரஞ்சித் வேலைக்குப் போகிற வழியில் வீடியோவில் வந்து கும்பிட்டான். அவனுக்கும் கதை முழுவதும் சொல்லியாயிற்று.

"அப்ப அந்தக் கவிஞருக்கு ஒண்ணியும் கெடையாதாம்மா?" என்று கேட்டான்.

"ஏன் இல்ல? அவருக்கும் ஒரு இலை போட்டிருக்கேன் பாரு. இத்தினி வருஷம் எங்கப்பாவுக்குக் கோட்டு குடுத்த மனுஷன்டா. நீ இன்னொரு வாட்டி அங்க போனா ஒரு பூ வாங்கி வெச்சுட்டு வா. ஆரணியில இருந்து காசியம்மா குடுத்ததுன்னு சொல்லு."

"செக்யூரிட்டி புடிச்சு வெளிய தள்ளுவான்மா."

"தள்ளட்டும். வெச்சுட்டு வா."

சாப்பிட்டு முடித்து ரங்கசாமி படுத்துவிட்டார். பரிமளா கூடத்துக்கு வந்தாள். அப்பா படத்துக்குப் பக்கத்தில் அம்மாவின் படம், கலர் போட்டோ, அம்மாவின் சொந்தப் புடவையிலேயே. அப்பாவின் நெற்றியில் காலையில் வைத்த குங்குமம் கொஞ்சம் உதிர்ந்து கையின் மேல் விழுந்திருந்தது. பரிமளா அதை வாயால் ஊதினாள். துணியை எடுக்கவில்லை. குங்குமம் பறந்துவிட்டது, சாயம் அப்படியே இருந்தது. ஒவ்வொரு நகமாகத் தொட்டுக்கொண்டு வந்தாள். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், ஆள்காட்டி. கட்டைவிரலுக்கு வந்ததும் அவள் விரல் நின்றது. அந்த நகத்தில் பாதி மட்டும் வெளுத்திருந்தது. சீமெண்ணெய் வைத்து அவள் தேய்த்த இடம். அப்பாவின் தொட்டியிலிருந்து அம்மா மொண்டு வந்ததில் பாதி நகத்தை அவள் துடைத்து எறிந்திருக்கிறாள்.

"இதுக்குத்தான் அடிச்சியாம்மா?" என்றாள் அம்மாவின் படத்தைப் பார்த்து. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கோட்டுக் கதை மட்டும் சொன்னியே."

சொல்லியிருந்தால் கோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டி வந்திருக்கும். அப்பா மேலே குளிராமல் நிற்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்த பெண்ணிடம் அம்மா எப்படிச் சொல்வாள்? பரிமளா தன் கன்னத்தைத் தடவிக்கொண்டாள். பிறகு பாதி வெளுத்த அந்த நகத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, எட்டு வயதில் வாங்கிய அந்த அறைக்காக இப்போது அழுதாள்.